சாயங்காலம் குந்த ஓர் இடம்

ரியல் எஸ்டேட் விளம்பரங்களில் காட்டப்படும் தண்ணீரையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் மேட்டூர் அணை இரண்டு தடவை நிரம்பும். 'லேக் வியூ', 'லேக் சைடு', 'ஏரிக்கரை அவென்யூ' என்று பெயர்கள். படத்தில் நீல நிறத்தில் ஓர் ஏரி, அதில் ஒரு வெள்ளை அன்னம். கரையில் அரை டிராயர் போட்ட அப்பா ஒருவர் தன் குட்டிப் பெண்ணுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பார். நேரில் போய்ப் பார்த்தால் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரும் நாலு எருமையும் இருக்கும். அன்னம் இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

சென்னைக்காரர்களுக்கு இந்த வேடிக்கை புதிதில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. அதில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வியூ உண்டு, லேக்தான் இல்லை. ஒரு காலத்தில் அங்கே நீளமாக ஓர் ஏரி கிடந்தது. நீளமாக இருந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்றே அழைத்தார்கள். விடுமுறை நாட்களில் அதில் படகுப் போட்டியும் நடத்தினார்கள். 1920-களில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் கட்டினார்கள். நுங்கம்பாக்கம் பக்கம் இருந்த ஏரி நிலத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. 'லேக் ஏரியா' என்ற முகவரி மட்டும் நுங்கம்பாக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. போனவர்களின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம்தானே?

நான் குடியிருப்பது கள்ளக்குறிச்சியில். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து இது தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, கூடவே மனை விலையும் ஏறியது. எங்கள் நகர் ஓர் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. ஏரியின் பெயர் வேண்டாம். இந்தப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இதே மாதிரி ஓர் ஏரி, இதே மாதிரி ஒரு நகர் இருக்கும். ஆயக்கட்டு வயலில் பாதி மனையாகிவிட்டது. மீதிப் பாதியில் நெல்லும் கரும்பும் நிற்கின்றன. என் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கரை கண்ணுக்கு நேரே தெரியும். கரை தெரிகிறது என்றால், நான் ஏரித் தண்ணீரைவிடப் பள்ளத்தில் இருக்கிறேன் என்று அர்த்தம். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு இது புரிவதற்கு ஒரு மழைக்காலம் ஆகும்.

வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், 'அட, லேக் பக்கத்துலயே வீடா!' என்கிறார்கள். லேக் வேறு, ஏரி வேறு. லேக் என்பது பார்ப்பதற்கு. ஏரி என்பது உழைப்பதற்கு. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இயற்கையாக உண்டானவை அல்ல. மழைத் தண்ணீர் ஓடிப் போய்விடாமல் மனிதர்கள் மண்ணைச் சுமந்து போட்டுக் கரை கட்டித் தடுத்தவை. வரத்து வாய்க்காலில் தண்ணீர் வரும், மதகு வழியாக வயலுக்குப் போகும், மிஞ்சினால் கோடி வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். 'ஏரி கோடி போயிடுச்சு' என்ற செய்தி எங்கள் பக்கம் குழந்தை பிறந்த செய்திக்குச் சமம். குடை பிடித்துக்கொண்டு குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள்.

பொழுதுபோக்கு என்பது இந்த வேலையின் ஓரத்தில் தானாக முளைத்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. எங்கள் கரைக்கு எழுதப்படாத டைம் டேபிள் ஒன்று உண்டு.

காலை ஐந்து மணிக்கு சர்க்கரைக்காரர்கள் வருவார்கள். கூட்டுறவு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ரிட்டயரானவர் இதில் மூவர். 'வாழ்நாள் பூரா சர்க்கரையைத் தயார் பண்ணோம், இப்போ அது நம்மளத் தயார் பண்ணுது' என்பது அவர்களுடைய தினசரி ஜோக். தினமும் சிரிப்பார்கள். ஐந்தரைக்குப் பெண்கள் வருவார்கள், இரண்டு பேராகத்தான் வருவார்கள். நடையைவிடப் பேச்சு வேகமாக இருக்கும். மருமகள் மீதுள்ள குறை மதகிலிருந்து தொடங்கிக் கோடி வரும்போது முடியும். திரும்பும்போது மாமியார் மீதுள்ள குறை. ஆறு மணிக்குப் போலீஸ் வேலைக்கு ஓடும் பிள்ளைகள். உடல் தகுதித் தேர்வுக்குக் கால்மணி நேரத்துக்குள் இரண்டு சுற்று என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். மூச்சு வாங்க நம்மைக் கடந்து ஓடும்போது, 'ஓரம் ஐயா' என்று மரியாதையாகத்தான் தள்ளுவார்கள்.

எட்டு மணிக்கு ஆடுகள். பத்து மணிக்குத் துணி துவைப்பவர்கள். உச்சி வெயிலில் கரை நீர்க்காகங்களுக்கும் கொக்குகளுக்கும் சொந்தம். நடு ஏரியில் பட்டுப்போன கருவேல மரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு, கைதி மாதிரி நிற்கும். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்ட பையன்கள் மண்புழுவும் தூண்டிலுமாக வருவார்கள். மீன் பாசி ஏலம் எடுத்தவருக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. அவர் விரட்ட, இவர்கள் ஓட, அதுவும் ஒரு விளையாட்டு. நாலு ஜிலேபிக் கெண்டையும் ஒரு கெளுத்தியும் சிக்கினால் அன்றைக்கு அந்த வீட்டில் குழம்பு. கோடையில் தண்ணீர் வற்றினால் ஏரி உள்ளேயே கிரிக்கெட். பந்து சேற்றுக்குள் விழுந்தால் அவுட் என்பது உள்ளூர் விதி.

ஆறு மணிக்குமேல் வருகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள், சித்தாள், கொத்தனார், அரிசி ஆலையில் வேலை பார்ப்பவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள். வேலை முடித்து, கையும் காலும் கழுவி, மதகுக் கட்டையிலும் கரைச் சரிவிலும் குந்துவார்கள். எங்கள் பக்கம் உட்காருவது என்றால் குந்துவது. வெற்றிலை, பீடி, கொஞ்சம் வேர்க்கடலை. ஒருவர் செல்போனில் பழைய பாட்டு. பெரிதாக ஒன்றும் பேசமாட்டார்கள். நாளைக்கு எங்கே வேலை, யாருக்குக் கூலி பாக்கி, யார் பெண்ணுக்கு நிச்சயம். எட்டு மணிவாக்கில் ஒவ்வொருவராக எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

2024 ஆகஸ்டில் எங்கள் நகரின் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. ஏரிக்கரையில் எங்கள் நகர்ப் பக்கம் ஏறும் வழிக்குக் கதவு போடவேண்டும். கரையில் சிமென்ட் கல் பதித்து நடைபாதை, பக்கத்தில் செடிகள், மாலை ஆறு மணிக்குப் பூட்டு, உறுப்பினர்களுக்கு அட்டை. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். யோசனை சொன்னவர் கெட்டவர் இல்லை. எங்கள் தெருவில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதலில் ஓடுகிறவர். அவருடைய பேத்தி கரையில் உடைந்த பாட்டிலை மிதித்துக் காலில் நாலு தையல் போட்டிருந்தது. 'நான் சும்மா சொல்லலை சார். குழந்தை கால்லேர்ந்து கண்ணாடி எடுக்கும்போது நான்தான் புடிச்சுக்கிட்டிருந்தேன்' என்றார். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பாட்டில் உண்மை. சில இடங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கவேண்டியிருந்ததும் உண்மை.

சட்டப்படி ஏரி எங்கள் சங்கத்துக்குச் சொந்தமில்லை. பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடம், சின்னவை ஊராட்சி ஒன்றியத்திடம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. நான் அதைச் சொன்னேன். 'கதவு போடறது ஆக்கிரமிப்பு இல்ல சார், பாதுகாப்பு' என்று பதில் வந்தது. கை தூக்கச் சொன்னால் கதவு ஜெயித்துவிடும் நிலைமை.

அப்போது பின் வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். ஜவுளிக் கடையில் வேலை பார்த்துவிட்டு தினமும் இரவு ஏழரைக்குக் கரை வழியாக நடந்து வருகிறவர். 'மதகு மேல குந்தி இருக்கறவங்களப் பாத்து நான் பயந்ததே இல்லீங்க. அவங்க இல்லாத அன்னிக்குத்தான் வேகமா நடப்பேன். ஆளு இருந்தா இன்னா பயம்? ஆளே இல்லாத கரைதான் பயம். வெளக்கு போடுங்க, போதும்' என்றார்.

கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. முடிவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. ஆனால் அதற்குள் உற்சாகமான இரண்டு பேர் கதவுக்கான சிமென்ட் தூண்கள் இரண்டை நட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் ஜூன் மாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கதவைப் பற்றி என்னால் யோசிக்க முடியவில்லை. கள்ளக்குறிச்சி என்ற பெயரை உலகத்துக்கே தெரியவைத்த மாதம் அது. ஜூன் 18, 19 தேதிகளில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கண் பார்வை போனவர்கள் உண்டு. பெரும்பாலோர் கூலி வேலை பார்த்தவர்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பந்தல் போட்டிருந்ததைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். வெளியூர் போய் 'கள்ளக்குறிச்சி' என்று சொன்னால் எதிராளி முகம் ஒரு கணம் மாறுவதை நாங்கள் அதற்குப் பிறகு பலமுறை பார்த்துவிட்டோம்.

ஏன் குடிக்கிறார்கள் என்று அந்த மாதம் பேசாதவர்கள் இல்லை. உடம்பு வலி, கடன், விலை குறைவு, கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது, கண்டும் காணாமல் இருப்பவர்கள் எல்லாமே காரணம்தான். ஏரிக்கரையில் ஒரு பெஞ்சு போட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. ஆனால் டீக்கடையில் ஒரு மூட்டைத் தொழிலாளி சொன்னது மனசில் தங்கிவிட்டது. 'வேலை முடிஞ்சா எங்க போறது சார்? வூட்ல ஒரே ரூமு, புள்ளைங்க படிக்குது. டீக்கடையில குந்தினா டீ வாங்கணும், ரெண்டாவது டீயும் வாங்கணும். பார்க்குன்னா எட்டு மணிக்கு விசில் அடிச்சு எழுப்பிடறான். காசு கேட்காம குந்தச் சொல்ற எடம் ஊர்ல எது இருக்குது, சொல்லுங்க.'

யோசித்துப் பாருங்கள். நம் ஊர்களில் ஒரு மனிதனின் சாயங்காலத்துக்கு ஏற்பாடு செய்து வைத்திருப்பது யார்? மத்தியானம் பன்னிரண்டு முதல் இரவு பத்து வரை திறந்திருக்கும் கடை ஒன்றுதான் உறுதியாக அவனை வரவேற்கிறது. அங்கே யாரும் அவனை 'இங்க ஏன் நிக்கிற' என்று கேட்பதில்லை. நடுத்தரவர்க்கத்துக்குக் கிளப் இருக்கிறது, ஜிம் இருக்கிறது, வீட்டில் ஹால் இருக்கிறது. ஹால் இல்லாதவனுக்கு ஏரிக்கரைதான் ஹால்.

இதே விஷயத்தை மலை மேலும் பார்க்கலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போனால் கோமுகி அணை. கல்படை, பொட்டியம், மாயம்பாடி என்று கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. முழு உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. மேட்டூரை நினைத்துக்கொண்டு வந்தால் சின்னதாகத் தெரியும். எங்களுக்கு அதுதான் கடல். அங்கிருந்து மலை ஏறினால் கரியாலூர், அப்புறம் வெள்ளிமலை. கரியாலூரில் சுற்றுலாவுக்கென்று படகுக் குழாமும் சிறுவர் பூங்காவும் அமைத்தார்கள். 'ஏழைகளின் ஊட்டி' என்று பேர் வைக்க யாராவது எங்கேயும் தயாராக இருக்கிறார்கள், இங்கும் வைத்தார்கள்.

மலையில் ஓர் ஏரி, அதில் படகு என்ற எண்ணமே வெள்ளைக்காரன் நமக்கு விட்டுப்போனது. ஊட்டி ஏரி 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் உண்டாக்கியது. கொடைக்கானல் ஏரி 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவின்ஜ் உண்டாக்கியது. வெயில் தாங்காமல் மலையேறியவர்கள் தங்கள் ஊர் ஞாபகமாகத் தண்ணீரைத் தேக்கி, படகு விட்டு, கிளப் வைத்துக்கொண்டார்கள். அந்த மலைகளில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கிளப்பில் என்ன வேலை இருந்திருக்கும்? படகைத் துடைக்கும் வேலை இருந்திருக்கலாம்.

நான் கரியாலூர் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகில் எங்களை மாதிரி டவுன்காரர்கள் உட்கார்ந்து, காலால் மிதித்து, கத்திச் சிரித்து, செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் மலைப் பெண்கள் பலாச்சுளையும் தேனும் கடுக்காயும் விற்றார்கள். ஒரு பாட்டியிடம் தேன் வாங்கிக்கொண்டே, 'நீங்க படகுல போயிருக்கீங்களா ஆயா?' என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'நாங்க எதுக்குப் போறோம்? அது வர்ற சனங்களுக்கு' என்றார். கோபம் இல்லை, ஏக்கமும் இல்லை. வானத்தில் போகும் விமானத்தைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார்.

கல்வராயன் மலையின் சரித்திரம் தெரிந்தால் அந்தப் பதில் ஆச்சரியம் தராது. நாடு 1947-ல் சுதந்திரம் அடைந்தபோது அந்த மலை மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அரசு அதைத் தன் வசம் முழுமையாக எடுத்துக்கொண்டது 1976-ல்தான். தன் மலையிலேயே கூலியில்லா வேலை செய்தவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்று கரையோரம் கடுக்காய் விற்கிறார்கள். 2024-ல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலைமை பற்றி வழக்கு எடுத்தது. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எங்கே என்று அரசைக் கேட்டது. படகு வந்த பிறகும் மலைக்குச் சரியான சாலை வேண்டும் என்று நீதிமன்றம் கேட்கவேண்டியிருந்தது. பொழுதுபோக்கு முதலில் யாருக்காக வருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

டிக்கெட் இல்லாத கொண்டாட்டம் நமக்குத் தெரியாததும் இல்லை. தை மாதம் ஐந்தாம் தேதி எங்கள் மாவட்டத்தில் மணலூர்பேட்டைக்கு வந்து பாருங்கள். தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு வருகிறார். சுற்று வட்டாரச் சாமிகள் எல்லாம் மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் ஆற்றுக்கு வந்துவிடும். மணலில் ராட்டினம், பலூன், வளையல், பொரி. சுருளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்பமாட்டார்கள். கலெக்டர் வீட்டுப் பிள்ளையும் கரும்பு வெட்டுகிறவர் பிள்ளையும் ஒரே மணலில் உருளும். காணும் பொங்கலன்று கோமுகி அணையும் அப்படித்தான், கட்டுச்சோறும் குழந்தைகளுமாக. தெற்கே புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சாவோடு சுற்று வட்டார ஊர்களெல்லாம் தண்ணீரில் இறங்கும். பிடித்தவன் வீட்டுக்கு மீன். சாதி பார்த்து மீன் மாட்டுவதில்லை.

ஆனால் இதெல்லாம் வருஷத்துக்கு ஒரு நாள். மீதி 364 சாயங்காலங்களுக்கு மதகுக் கட்டைதான்.

எங்கள் கதவு விவகாரத்தை சங்கம் தீர்க்கவில்லை. மழை தீர்த்தது. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்த பிறகுதான் வேலையைக் காட்டியது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களில் டிசம்பர் 1-ம் தேதி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் தென்பெண்ணை கரை தாண்டி ஊர்களுக்குள் போனது. எங்கள் ஏரி அன்று மத்தியானமே தளும்பியது. கோடி போயிருக்கவேண்டும், போகவில்லை. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் பாட்டில்களும் மெத்தை மாதிரி கோடியை அடைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் கரை மேலே ஏறிக்கொண்டே வந்தது. மதகுக்குப் பக்கத்தில் கரை கசிந்தது.

கரைக்குக் கீழே முதல் வீடுகள் எங்கள் வீடுகள். நாங்கள் செய்தது, எல்லா எண்களுக்கும் போன் போட்டது. எல்லா எண்களும் பிஸி. ஊரெல்லாம் அன்று தண்ணீர்தானே.

இருட்டும் நேரத்தில் கரை மேல் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. வந்தவர்கள் ஆறு மணிக்காரர்கள். யாரும் கூப்பிடவில்லை. தினமும் குந்தும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், பார்க்க வந்துவிட்டார்கள். ஆடு மேய்ப்பவர், ஆயக்கட்டு விவசாயிகள், மீன் ஏலக்காரர், அவர் விரட்டும் பையன்களின் அப்பாக்கள். இடுப்பில் கயிறு கட்டி மூன்று பேர் கோடியில் இறங்கி, அரிவாளால் ஆகாயத்தாமரையை அறுத்து அறுத்துத் தள்ளினார்கள். மேலே நின்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கசிவுக்கு மணல் மூட்டையும் வைக்கோலும் வேலிகாத்தான் கிளையும் வேண்டியிருந்தது. எங்கள் நகரில் கட்டிக்கொண்டிருந்த வீட்டு மணல் முழுக்கச் சாக்கில் ஏறியது. கதவு வேண்டும் என்று சொன்னாரே, அவரும் அறுபத்தாறு வயதில் மூட்டையை ஒரு பக்கம் பிடித்தார். 'நீங்க வுடுங்க சார், வழுக்கும்' என்று ஒருவர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். மூட்டை தூக்குவது அவருக்குத் தொழில்.

இரவு பதினோரு மணிக்குக் கோடி போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது கரையில் நின்ற அத்தனை பேரும் கத்தினோம். எதற்குக் கத்துகிறோம் என்று தெரியாமல் நானும் கத்தினேன். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெண்கள் அண்டாவில் சுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார்கள். யார் டம்ளர், எவர் டம்ளர் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

அரசாங்கம் 2017-ல் குடிமராமத்து என்ற பழைய சொல்லைத் தூசி தட்டித் திட்டமாக்கியது. ஊர்க்காரர்களே ஏரியைப் பராமரிப்பது என்று அர்த்தம். அந்த இரவுக்குப் பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஓர் இடத்தில் தினமும் சும்மா குந்துகிறவன்தான் ஆபத்து நாளில் அங்கே ஓடி வருவான். பூட்டிய கரைக்கு வாட்ச்மேன் இருப்பான், காவல்காரன் இருக்கமாட்டான்.

ஒரே இரவில் எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கூட்டங்களில் இன்னும் கதவுப் பேச்சு வருகிறது, ஆனால் குரல் தாழ்ந்து வருகிறது. அவசரப்பட்டு நட்ட இரண்டு தூண்களும் கதவில்லாமல் நிற்கின்றன. வசூலான பணத்தில் மூன்று விளக்குக் கம்பம் போட்டோம், நகராட்சியிடம் கெஞ்சி இரண்டு குப்பைத் தொட்டி வாங்கினோம். பாட்டில்கள் குறைந்திருக்கின்றன, ஒழியவில்லை. கழிப்பறைக்கு மனு கொடுத்திருக்கிறோம், மனு நடைப்பயிற்சியில் இருக்கிறது. தையல் போட்ட பேத்தி செருப்புப் போட்டுக்கொண்டு கரையில் ஓடுகிறது. ஆறு மணிக்காரர்களில் இரண்டு பேர் அந்தத் தூண்களில் முதுகைச் சாய்த்துக்கொண்டு குந்துகிறார்கள். முதுகுக்கு வசதியாக இருக்கிறதாம்.

உங்கள் ஊரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பையில் பத்து ரூபாய்கூட இல்லாத ஒரு மனிதர், வேலை முடிந்து, யாரும் விரட்டாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து போக எத்தனை இடங்கள் இருக்கின்றன? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கைக்கே விரல் மிச்சமிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.